ஏடு செய்த ஆட்சி

ஓர் ஏட்டின் செல்வாக்கை அளப்பதற்கு நாட்டில் இரண்டு அளவுகோல்கள் வழங்கி வருகின்றன. எத்தனை இலட்சம் பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது ஒன்று. எத்தனை அமைச்சர்கள் காலையில் அதைப் பிரிக்கும்போது அஞ்சுகிறார்கள் என்பது மற்றொன்று. முன்னது வணிகரின் கோல். பின்னது அரசியலாரின் கோல். இவ்விரண்டையும் கொண்டு அளந்தால் பெரிய ஏடு மேலும் பெரிதாகத் தெரியும். சிறிய ஏடு கண்ணிலேயே படாது. ஆனால், மூன்றாவது கோல் ஒன்று உண்டு. அந்த ஏட்டைப் படித்தறியாதவன் வீட்டில், அதன் பெயரையே கேட்டிராதவன் வாழ்வில், அது எதை மாற்றிற்று என்று கேட்பதே அக்கோல். சமுதாயத்தைத் திருத்தப் புறப்பட்டோர்க்கு வேண்டுவது இந்த மூன்றாவது கோலே.

அமெரிக்க நாட்டைப் பாருங்கள். நியூயார்க் டைம்ஸ் என்னும் ஏடு 1851ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. வியத்நாம் போரைப்பற்றி அரசு பூட்டி வைத்திருந்த ஆவணங்களை 1971 சூன் மாதத்தில் அது வெளியிட்டது. தடைகேட்டு அரசே வழக்குமன்றம் சென்றது. உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் அறுவர் ஏட்டின் பக்கம் நின்றனர். வல்லரசு ஒன்று ஓர் அச்சகத்திடம் தோற்றது! இதைச் சொல்லி மகிழாத பத்திரிகையாளர் இல்லை. மகிழட்டும். ஆனால், அதே ஏடுதான் ஈராக்கில் பேரழிவுக் கருவிகள் மறைந்து கிடக்கின்றன என்று ஆட்சியாளர் தரப்பு சொன்னதைப் போதிய ஆய்வின்றி ஏற்றிச் செய்திகள் வெளியிட்டது. அச்செய்திகள் சிலவற்றில் வேண்டிய கண்டிப்பு இல்லாமற் போயிற்று என்று 2004 மே 26ஆம் நாள் அந்த ஏடே எழுதியது. அதற்குள் போர் தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டது. பெரிய ஏட்டின் வலிமை பெரிய யானையின் வலிமை போன்றது. தேரையும் இழுக்கும், தெருவையும் மிதிக்கும். அதன் மேல் அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

அந்த நாட்டிலேயே வேறோர் ஏட்டையும் காணலாம். சிக்காகோ நகரில் 1905ஆம் ஆண்டு ராபர்ட் அபட் என்னும் கறுப்பினத்தவர் தொடங்கியது 'சிக்காகோ டிபெண்டர்'. தென்மாநிலங்களில் கறுப்பரைத் தூக்கிலிட்டு மகிழ்ந்த கும்பல்களின் கொடுமையை அது எழுதியது. தொடர்வண்டியில் பணிபுரிந்த கறுப்பினத் தோழர்கள் அதன் கட்டுகளைத் தெற்கே கொண்டு சேர்த்தனர். முடிதிருத்தும் கடைகளிலும் வழிபாட்டு மன்றங்களிலும் எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க, எழுத்தறியாதவர் பலர் சூழ்ந்து கேட்டனர். அடிமைத்தனத்தின் சாயல் மறையாத பண்ணைகளை விட்டு வடக்கு நகரங்களை நோக்கி அம்மக்கள் இலட்சக்கணக்கில் குடிபெயர்ந்தபோது, அவர்களை வா என்றழைத்த குரல்களில் அவ்வேட்டின் குரல் உரத்தது. எந்த அமைச்சரும் அதைக் கண்டு கவிழவில்லை. ஆனால், மக்களின் கால்கள் நகர்ந்தன. மூன்றாவது கோலால் அளந்தால் பெரிய ஏடு எது, சிறிய ஏடு எது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். கட்சி ஒன்றுக்குத் தன் பெயரையே சூட்டிய ஏடு இங்கு உண்டு. 1916ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், 1917 பிப்ரவரியில் 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கில நாளேட்டை வெளியிட்டது. டாக்டர் டி.எம். நாயர் அதன் ஆசிரியர். நீண்ட பெயர் மறைந்தது. ஏட்டின் பெயரே நிலைத்தது. நீதிக்கட்சி என்றே நாடு அழைத்தது. ஆயினும், ஆங்கிலம் கற்றவர் வீட்டு நாற்காலிவரை சென்ற அந்த ஏடு, ஏர்பிடித்தவன் திண்ணைவரை செல்லவில்லை. திண்ணைக்குச் சென்றது வேறோர் ஏடு. அது சென்னையிலிருந்து வரவில்லை. கொங்கு நாட்டிலிருந்து வந்தது.

அந்நாளில் ஈரோடு, கோவை மாவட்டத்துள் அடங்கிய ஊர். மஞ்சள் மண்டியும் நெசவுத் தறியுமாக விளங்கிய அவ்வூரில், 1925 மே 2ஆம் நாள் 'குடிஅரசு' கிழமை இதழ் பிறந்தது. ஈ.வெ. ராமசாமியும் அவருடைய நண்பர் தங்கபெருமாள் பிள்ளையும் ஆசிரியர்கள். தொடங்கி வைத்தவரோ திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள்! சைவத் துறவி வாழ்த்திப் பிறந்த ஏடு, பின்னாளில் சமயத்தின் அடிவேரையே ஆராயப் புறப்பட்டது. தமிழில் இத்தகைய ஏடொன்று வேண்டும் என்னும் எண்ணம் 1922இல் கோவைச் சிறையிலேயே உருவாயிற்று என்பர். காங்கிரசுத் தொண்டர்களாகச் சிறை சென்றவர்கள் அவர்கள். காங்கிரசுக்காரரின் ஏடாகவே அது பிறந்தது. ஆறு மாதம் கழித்து, 1925 நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டது. தலைவர் வெளியேறினார். அவருடன் ஏடும் வெளியேறியது. தலைவர்க்கு மேடை ஒன்று அடைபட்டபோது, அடைபடாத மேடையாக அவர் கையில் அந்த ஏடு இருந்தது.

மூன்றாவது கோலை இப்போது எடுப்போம். 'குடிஅரசு' எதை மாற்றிற்று?

முதலில், பெயர். 1927 டிசம்பர் வரை அந்த ஏட்டின் முகப்பிலேயே ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் 'நாயக்கர்' என்னும் வால் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாத இறுதியில் வால் அறுந்தது. விளம்பரமில்லை, விழாவில்லை, ஒரு சொல் அச்சுக்கோப்பவர் கையால் எடுக்கப்பட்டது, அவ்வளவே. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டங்களை நீக்குக என்று நாட்டைக் கேட்டது. வட மாநிலங்களில் பல்கலைக்கழகம் கண்டோரும் அமைச்சரானோரும்கூடப் பெயரோடு சாதியைச் சுமந்து திரிகிறார்கள். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். அந்தப் பிள்ளை 'குடிஅரசை'ப் பார்த்ததில்லை. ஆனால், 'குடிஅரசு' அவன் பெயரில் இருக்கிறது.

அடுத்து, எழுத்து. ணா, றா, னா என்பனவும், அவற்றின் ஒகர ஓகாரங்களும், ணை, லை, ளை, னை என்பனவும் ஒரு காலத்தில் சுழித்தும் கொம்பு முளைத்தும் தனித்தனி உருவம் கொண்டிருந்தன. இந்தப் பதின்மூன்று எழுத்துகளுக்கும் மற்ற எழுத்துகளின் முறையே போதும் என்று 1935 முதல் ஈரோட்டு அச்சகம் அச்சிடத் தொடங்கியது. புலவர் அவையின் ஒப்புதலுக்கு அது காத்திருக்கவில்லை. அச்சுக்கோப்பவனுக்கு அறை குறையும், குழந்தைக்குச் சுமை குறையும் என்று கணக்குக் காட்டியது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு அந்தப் பதின்மூன்றையும் ஆணையிட்டு ஏற்றது. இன்று 'குடிஅரசை' ஏசி எழுதுவோரும் அது திருத்திய எழுத்திலேயே ஏசுகின்றனர்! ஓர் ஏட்டின் ஆட்சிக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது, சட்டம். புரோகிதரில்லாத திருமணங்களை அந்த ஏடு ஊர் ஊராகச் செய்தி வெளியிட்டுப் பரப்பியது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணம் செல்லாது என்றது. செல்லாது என்ற பின்னும் மணங்கள் நடந்தன. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் இயற்றப்பட்டு, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் மணமே என்றாயிற்று. பெண்ணுக்குச் சொத்தில் ஆணோடு சம உரிமை என்று 1929இல் செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்ததை ஏடு நாடறியச் செய்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005 வந்தது. அறுபதாண்டுப் பயணம்! தீர்மானம் எழுதிய கைகள் பல அதற்குள் மறைந்தன, தீர்மானம் மறையவில்லை.

'இதையெல்லாம் ஏடா செய்தது? மாநாடுகள் செய்தன, பேச்சாளர் செய்தனர், வாக்குச்சீட்டு செய்தது' என்று சிலர் கூறுவர். மறுக்கவில்லை. ஏடு தனித்து எதையும் செய்வதில்லை. ஆனால், செங்கற்பட்டில் பேசியது கோபிசெட்டிபாளையத்தில் கேட்டது எதனால்? பட்டுக்கோட்டையில் ஒருவன் தனியே எண்ணியதைப் பல்லடத்தில் ஒருவன் தனியே எண்ணிக்கொண்டிருந்தான். இருவரும் தனியரல்லர் என்று இருவருக்கும் ஒரே கிழமையில் சொன்னது எது? 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அந்நாளில் ஏடு என்பது கண்ணுக்கு உரியதன்று, காதுக்கு உரியது. ஒருவன் படித்தான், ஊர் கேட்டது.

அதற்கேற்றதாகவே அதன் நடையும் அமைந்தது. பண்டிதர் நடையில் பழகியோர் 'குடிஅரசின்' தலையங்கத்தைக் கண்டு முகம் சுளித்தனர். வாக்கியம் நீள்கிறது, வடசொல் கலக்கிறது, இலக்கணம் இடறுகிறது என்றனர். அவர்கள் கண்ணால் படித்தார்கள்; அதனால் குறை கண்டார்கள். அதை உரக்கப் படித்துப் பார்க்கட்டும்! ஒரு வழக்கைக் கட்சிக்காரன் முன் வைப்பதுபோல, முதற்காரணம், இரண்டாவது காரணம், எதிரி சொல்லக்கூடியது, அதற்கு விடை, ஆகவே முடிவு என்று அடுக்கடுக்காகச் செல்லும். சந்தையில் பேரம் பேசத் தெரிந்த கொங்கு நாட்டான் அந்த முறையை உடனே உணர்ந்தான். அணியழகு இல்லை என்பது உண்மையே. அணி பூட்டியிருந்தால் அரங்கில் கைதட்டு கிடைத்திருக்கும்; திண்ணையில் வழக்கு நடந்திருக்காது.

வசை மிகுந்த ஏடு என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. கடுஞ்சொல் இருந்தது, இல்லையென்று சாதிப்பது பகுத்தறிவாகாது. ஆனால், கடுஞ்சொல் மட்டுமே இருந்திருந்தால் அது ஒரு பருவத்தோடு ஒழிந்திருக்கும். சிங்காரவேலர் அதில் அறிவியலும் பொருள்முதல் வாதமும் எழுதினார். மார்க்சும் எங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கை 1931 அக்டோபரில் அதில் தமிழாகத் தொடங்கியது. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு உரை, அதிக நாள் செல்லுமுன் அதில் தமிழில் தொடராக வந்தது. உலகத்தின் அறிவை ஈரோட்டுச் சந்தைக்கு இறக்குமதி செய்த ஏட்டை வசை ஏடு என்று மட்டும் கூறுவது, வயலைக் காணாமல் வேலி முள்ளை மட்டும் எண்ணுவதாகும்.

அதற்கு ஏடு கொடுத்த விலையையும் அறிதல் வேண்டும். ஏழைக்குக் கல்வி இல்லை, அதிகாரிக்கோ கொழுத்த சம்பளம் என்னும் அநீதியைக் கணக்கோடு காட்டி, அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழியவேண்டும் என்று 1933 அக்டோபர் 29ஆம் நாள் தலையங்கம் வந்தது. அரச நிந்தனை என்றது வெள்ளையராட்சி. ஆசிரியர் ஈ.வெ.ரா.வும், வெளியிட்டவரான அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாளும் கைதாகினர். வழக்கு கோவையில் நடந்தது. 1934 சனவரியில் இருவரும் தண்டிக்கப்பட்டனர். எண்ணம் முளைத்ததும் கோவையில், தண்டனை விழுந்ததும் கோவையில்! 'குடிஅரசு' நின்றால் 'புரட்சி', 'புரட்சி' நின்றால் 'பகுத்தறிவு' என்று பெயர் மாற்றிக் குரல் மாற்றாமல் அந்த அச்சகம் இயங்கியது. பிணைத்தொகைக்கு அஞ்சியோ விளம்பரத்துக்கு ஏங்கியோ அது தன் வாயை மூடிக்கொள்ளவில்லை.

இதுவரை கூறியது அதன் வெற்றி. கோல் என்று ஒன்றை எடுத்தால் குறையையும் அதனாலேயே அளக்கவேண்டும். 'குடிஅரசு' கேட்டது ஒரே கேள்வி: பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் என்பதற்கு என்ன சான்று? இந்தக் கேள்விக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை மேல்நோக்கியது: எனக்கு மேலே ஒருவன் இருப்பது ஏன்? மற்றொரு முனை கீழ்நோக்கியது: எனக்குக் கீழே ஒருவனை நான் வைத்திருப்பது ஏன்? ஏடு இரண்டு முனைகளையும் தீட்டியே கொடுத்தது. அம்பேத்கரின் உரையைத் தமிழாக்கி வெளியிட்டது மேல்முனைக்காக மட்டுமன்று. ஆனால், கொங்கு நாட்டில் அதை வாங்கிக்கொண்டோர் பலர், மேல்முனையை ஏந்திக் கீழ்முனையை உறையில் இட்டனர். அக்கிரகாரத்தைப் பார்த்துக் கேட்டதைத் தம் தோட்டத்துச் சாளையிலிருந்து எழுந்து ஒருவன் கேட்டபோது, கேள்வி குற்றமாயிற்று!

சான்று வேண்டுவோர் பழங்கணக்குப் பார்க்க வேண்டா. 2016 மார்ச் 13ஆம் நாள், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காக ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவியும் வெட்டுண்டு பிழைத்தார். நாடே அக்காட்சியைப் படக்கருவியின் பதிவில் கண்டது. சாதி கடந்த மணங்களைப் போற்றிச் செய்தி வெளியிட்ட அச்சகம் இருந்த ஊருக்கும் அந்தப் பேருந்து நிலையத்துக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

எழுத்துக்கு நேர்ந்ததையும் பாருங்கள். பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' நாவல் 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. 2015 சனவரியில் அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சில், வருத்தம் தெரிவித்து நூலைத் திரும்பப் பெற எழுத்தாளர் இசையவைக்கப்பட்டார். எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் பேச்சின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறிய பின்னரே எழுத்துக்கு உயிர் வந்தது. 1934இல் கொங்கு நாட்டு எழுத்தைத் தண்டிக்க வெள்ளைக்காரக் கலெக்டர் வேண்டியிருந்தது. 2015இல் அவரும் வேண்டியதில்லை, ஊரே போதுமாயிற்று!

இன்றைய பெரும் ஏடுகள் இவற்றுக்கு என்ன செய்கின்றன? கொலையை முதற்பக்கத்தில் கண்டிக்கின்றன, பாராட்டுவோம். ஆனால், அதே ஏட்டின் ஞாயிறு இதழைப் புரட்டுங்கள். மணமகள் தேவை, மணமகன் தேவை என்று சாதி வாரியாக, உட்பிரிவு வாரியாக, விண்மீன் வாரியாகப் பக்கம் பக்கமாகப் பட்டியல்! முதற்பக்கம் அழுகிறது, உட்பக்கம் வசூலிக்கிறது. அறிவியல் செய்திக்கு அருகே இராசிபலன். தலையங்கத்தில் அம்பேத்கருக்குப் புகழ்மாலை. விளம்பரத்தில் அவர் இடிக்கச் சொன்ன சுவருக்குச் சுண்ணாம்பு! பெயரின் வாலை அறுத்துவிட்டோம் என்று பெருமை கொள்கிறது தமிழ்நாடு. அறுந்த வால் அந்த விளம்பரப் பக்கத்திலும், கைப்பேசியில் சாதிக்கொன்றாக முளைத்த குழுக்களிலும் துடித்துக்கொண்டிருக்கிறது.

'குடிஅரசு' தோன்றி, 2025 மே 2ஆம் நாளோடு நூறாண்டு நிறைந்தது. 1949இல் நின்றுபோன அந்த ஏட்டின் எழுத்துகள் தொகுதி தொகுதியாக அச்சேறியிருக்கின்றன, கணினியிலும் கிடைக்கின்றன. பலருடைய அலமாரியில் அவை அழகாக நிற்கின்றன. அழகாக நிற்பதுதான் நமக்கு அச்சம் தருகிறது. திருத்த வந்த ஏட்டைத் திருவுருவாக்கிவிட்டால், பிறகு அது யாரையும் திருத்தாது. சிலைக்கு மாலை சூட்டுவோன் எவனும் சிலையின் கேள்விக்கு விடை சொன்னதில்லை.

ஆகவே, இளந்தோழர்களே, செய்யவேண்டியது இதுதான். கிழமைக்கு ஒரு தலையங்கம் எடுங்கள். படிப்பகத்திலோ, தேநீர்க் கடையிலோ, ஆலை வாயிலிலோ பத்துப் பேர் கூடி உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் கைதட்டிக் கலையாதீர்கள். அவரவர் ஊரைப்பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். நம்மூர்க் கடையில் எல்லார்க்கும் ஒரே குவளையா? நம்மூர்ச் சுடுகாட்டுக்கு எல்லார்க்கும் ஒரே வழியா? நம் வீட்டுப் பெண் விரும்பியவனை மணந்தால் அவளுக்கு நம் வீட்டுக் கதவு திறக்குமா? முதல் இரண்டுக்கு ஊரைக் கை காட்டலாம். மூன்றாவதற்குக் கை காட்ட இடமில்லை. விடைகளை எழுதுங்கள். எழுதியதை ஒரு தாளில் அச்சிட்டு ஊரில் கொடுங்கள். நீங்கள் வாங்கும் நாளேட்டுக்கு, சாதி வாரியான மண விளம்பரம் எதற்கு என்று கேட்டு மடல் விடுங்கள். ஒருவர் விட்டால் குப்பைக்கூடை, ஊருக்கு நூறு பேர் விட்டால் ஆசிரியர் குழுவே கூடும்.

ஈரோட்டு அச்சகத்திலும் பெரிய பொறிகளோடு தொடங்கவில்லை. கேள்வி ஒன்று இருந்தது. அதை உரக்கக் கேட்கும் துணிவு இருந்தது. விலை கொடுக்க மனம் இருந்தது. அந்த ஏடு தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது. உறையில் இட்டு வைத்த மறுமுனையை வெளியே எடுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. அதைச் செய்யவேண்டியவர் ஈரோட்டில் இல்லை. உங்கள் தெருவில் இருக்கிறார்.